கலைந்துபோன தொகுதியில் ஓர் ஓட்டு

பர் துபாயில், மீனா பஜாருக்குப் பின்பக்கச் சந்தில் நான் வேலை பார்க்கும் டைப்பிங் சென்டர் இருக்கிறது. வீசா, எமிரேட்ஸ் ஐடி, லேபர் கார்டு, வாடகை ஒப்பந்தம் என்று யாருக்கு எந்த விண்ணப்பம் வேண்டுமோ அதை அடித்துக் கொடுப்பது தொழில். நான் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆங்கிலம், இந்தி, கொஞ்சம் அரபி எல்லாமே எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள் வாயிலிருந்து பொறுக்கியதுதான். அவர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதை டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். ராஸ் அல் கைமா சிமெண்ட் ஆலைக்காரர் ஒருவர் சொன்னது இன்னும் இருக்கிறது: "பொண்ணு போன்ல முகம் காட்டுறா, சிரிப்பு காட்டுறா. கோவத்தை மட்டும் நேர்ல வந்தாத்தான் காட்டுவாளாம் அண்ணே." மேஜை டிராயரில் இப்படி ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது.

ஒரு ஜூன் மாதம், பதினோரு மணி வெயிலில், ஓர் அம்மா வந்தார். எழுபது வயது இருக்கும். கழுத்தளவு வெட்டிய வெள்ளை முடி, பருத்திச் சேலை, காலில் நடைப்பயிற்சி ஷூ. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்து, "தம்பி, எனக்கு ஓட்டுப் பதியவேணும்" என்றார்.

பேச்சு யாழ்ப்பாணம். "எங்கம்மா, இலங்கையிலயா?" என்று கேட்டேன்.

"இல்லை. இங்கிலாந்தில."

பக்கத்து சீட்டில் இருக்கும் திருநெல்வேலிக்காரர் தலையை நீட்டினார். நானும் அவரும் சேர்ந்து இருபது வருடமாக உலகத்தில் உள்ள எல்லா ஃபாரமும் நிரப்பியிருக்கிறோம். இது மட்டும் வந்ததில்லை.

அம்மா விளக்கினார். நாட்டை விட்டு வெளியேறிப் பதினைந்து வருடம் தாண்டினால் ஓட்டு இல்லை என்று அங்கே ஒரு சட்டம் இருந்ததாம். அதை இப்போது எடுத்துவிட்டார்களாம். இவர் கணவர் இறந்து, வீட்டை விற்று, இங்கே வேலை பார்க்கும் மகளிடம் வந்து பதினேழு வருடம். அடுத்த மாதம் அங்கே பொதுத்தேர்தல். "மகளிட்டக் கேட்டன். 'அம்மா, இப்ப உங்களுக்கு அது ஒரு கேடோ' எண்டுறாள். அதுதான் நானே வெளிக்கிட்டு வந்தனான்."

தொகுதியின் பெயரைக் கேட்டேன். சொன்னார். பெரிய நகரம் ஒன்றின் நடுவில் இருந்த தொகுதி. நான் கம்ப்யூட்டரில் தேடத் தேட அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"வந்த முதல் வருசமே ஓட்டுப் போட்டனான், தம்பி. அப்ப எனக்கு அவையளின்ர பாஸ்போர்ட்கூட இல்லை. முந்தி அவையள் ஆண்ட நாடெண்டபடியால் எங்கட ஆக்கள் அங்க குடியிருந்தாலே போடலாமாம். எங்கட ஊரில ஓட்டுப் போடப் போன ஆள் வீட்டுக்குத் திரும்பி வருவாரோ எண்டு வாசலைப் பாத்துக்கொண்டிருப்பம். அங்க போனா ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மண்டபம். ஒரு பென்சிலை நூலில கட்டித் தொங்க விட்டிருக்கு. பென்சில், தம்பி! நான் இவரிட்டக் கேட்டன், அழிச்சுப்போட மாட்டினமோ எண்டு. இவர் சொன்னார், அழிக்கிற ஊரெண்டால் பென்சிலைக் கட்டி வைக்க மாட்டினம், ஒளிச்சு வைப்பினம் எண்டு."

திருநெல்வேலிக்காரர் தன் வேலையை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மா கட்சிகளை நிறத்தால்தான் சொன்னார். அந்தத் தொகுதி சிவப்பு. "சிவப்புக்காரர் ஓட்டுக் கேட்டு வரவே மாட்டார். கிறிஸ்மஸ் கார்டு மட்டும் வரும்." அப்படி நிம்மதியாக இருந்த எம்.பி. நடுவில் இறந்துபோய் இடைத்தேர்தல் வந்தது. மஞ்சள் கட்சி எங்கிருந்தோ ஆட்களைக் கொண்டுவந்து இறக்கி, வீட்டுக்கு வீடு கதவைத் தட்டியது. பனி கொட்டிய நாள். இவரும் கணவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வழுக்கி வழுக்கிப் போய்ப் போட்டார்கள். "கடைசியில சிவப்பு தப்பினது எவ்வளவில தெரியுமோ? ரெண்டு மாடி பஸ் ரெண்டு பிடிச்சால் அவ்வளவு பேரையும் ஏத்திப்போடலாம். அந்த பஸ்ஸில நானும் அவரும் இருந்தனாங்கள்."

பிறகு அங்கிருந்த பிஸ்கட் தொழிற்சாலை மூடியது. அந்த இடத்தில் அடுக்குமாடி வந்தது. புது ஆட்கள் வந்தார்கள். ஒரு தேர்தலில் நீலம் வென்றது. அடுத்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற வெள்ளைக்கார பஸ் டிரைவர், நீலக் கட்சி. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். "ஒரு கிழமை முழுக்க என்னைக் கண்டால் விசில் அடிச்சார். அடுத்தமுறை நாங்கள் வெண்டம். நான் அவற்ற வாசல் முன்னால நிண்டு சிவப்பு மிளகாய் காயவைச்சன்."

இதற்குள் எனக்குத் திரையில் விஷயம் வந்துவிட்டது. அந்தப் பெயருக்கு நேராக 'முன்னாள் தொகுதி' என்று இருந்தது. எல்லைகளை மாற்றி எழுதியதில் இந்தத் தேர்தலோடு அதைக் கலைத்துவிட்டார்கள்.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். ஆனால் இருபது வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத் 'தெரியாது' என்ற வார்த்தை வராது. இங்கே கம்பெனி மூடினால் அதில் இருந்தவன் வீசா முடிந்தது. ஸ்பான்சர் செய்த கஃபீல் கையெழுத்துப் போடவில்லையா, கலாஸ், முடிந்தது, பெட்டியைக் கட்டு. மனிதனை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது, அது விட்டால் மனிதன் விழுந்தான். இதைத் தவிர வேறு கணக்கு எனக்குத் தெரியாது.

"அம்மா, தொகுதியே கேன்சல் ஆயிடுச்சு" என்றேன்.

"அப்ப?"

"ஸ்பான்சர் போனா வீசா போன மாதிரிதாம்மா. தொகுதி இல்லைன்னா ஓட்டும் இல்லை. ஒண்ணும் செய்ய முடியாது."

நான் சொன்ன தோரணையைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். அம்மாவும் நம்பிவிட்டார். பாஸ்போர்ட்டை எடுத்துப் பைக்குள் வைத்தார். எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார். "அங்க எனக்கு இப்ப வீடும் இல்லை, ஆளும் இல்லை. அவரையும் எரிச்சாச்சு. பட்டியலில ஒரு வரி மிஞ்சும் எண்டு நினைச்சன்" என்றார். காசு கேட்டார். வேலை ஒன்றும் செய்யவில்லையே என்றேன். போய்விட்டார்.

அந்த வாக்கியத்தை டோக்கன் சீட்டில் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அரிக்க ஆரம்பித்தது. ஓமான்காரர் ஒருவரின் கார் பதிவைத் தப்பாக அடித்து, திரும்ப அடித்தேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

"என்ன வே, சேர்ல ஆணி இருக்கா?" என்றார் திருநெல்வேலிக்காரர்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த 'முன்னாள் தொகுதி'ப் பக்கத்தை மறுபடி திறந்தேன். எனக்கு ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு கட்டம்: யார் நின்றார், யார் வென்றார். அம்மா சொன்ன பனிக்கால இடைத்தேர்தல் இருந்தது. ஒரே ஒரு முறை நீலம் வென்றது இருந்தது. அவர் மிளகாய் காயவைத்தது மட்டும் இல்லை. மேலே போகப் போக அம்மா பிறப்பதற்கு முந்தின தேர்தல்கள். துறைமுகக் கூலிகள் இருந்த காலத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு தொகுதிகளைக் கலைத்துத்தான் இதையே உண்டாக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருமுறை கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த தெருக்களை, அங்கே கலைக்கப்பட்ட இன்னொரு தொகுதியிலிருந்து எடுத்து இதில் சேர்த்தார்கள். இன்னொரு முறை மேட்டுப்பக்கத்துத் தெருக்களை இதிலிருந்து பிடுங்கி வேறொன்றுக்குக் கொடுத்தார்கள். கோடு நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. கீழே ஓட்டு எண்ணிக்கை நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், பக்கத்து சீட்டுக்கும் கேட்கிற மாதிரி. கால்வாய் இடத்துக்கு வந்ததும் திருநெல்வேலிக்காரர் கையை உயர்த்தினார்.

"நில்லும் வே. அந்தக் கால்வாய்க்கு அங்கிட்டு உள்ள ஆளுக, அவங்க தொகுதி செத்துப்போச்சில்லா?"

"ஆமா."

"பொறவு அடுத்த தேர்தல்ல எங்க போய்ப் போட்டான்?"

"இதுலதான். இங்க சேர்த்துட்டாங்களே."

"அப்ப தொகுதி செத்தாலும் ஆளு ஓட்டுப் போட்டிருக்கான்லா? நீரு அந்த அம்மாட்ட என்ன சொல்லி அனுப்பினீரு?"

எனக்கு முகம் சுட்டது. எங்கள் ஊரையே ஒருமுறை ஒரு தொகுதியிலிருந்து எடுத்து இன்னொன்றில் சேர்த்தார்கள். அப்போது நான் இங்கே. வீட்டில் எல்லோரும் அடுத்த தேர்தலில் வழக்கம்போல அதே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்து, விரல் மையைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். நேரில் போனால்தான் எனக்கு அங்கே ஓட்டு. தேர்தல் தேதி பார்த்து எனக்கு யார் லீவு தருவார்கள்? ஓட்டுப் போட்டுப் பழகியவனாக இருந்தால் அந்த அம்மாவிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த நாட்டுத் தேர்தல் ஆணையத்தின் பக்கத்தைத் திறந்து தட்டுத்தடுமாறி வாசித்தேன். கடைசியாகக் குடியிருந்த முகவரி போதும். அந்த முகவரி இப்போது எந்தத் தொகுதியில் விழுகிறதோ அங்கே ஓட்டு. பதிவு செய்யக் கடைசி நாளுக்கு நான்கு நாள் இருந்தது.

அம்மாவின் போன் நம்பர் என்னிடம் இல்லை. மகளுடைய நம்பர் அவருக்கே மனப்பாடம் இல்லை என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். வீடு எங்கே என்று மட்டும் சொல்லியிருந்தார்: மெட்ரோவுக்குப் பின்னால், கீழே பார்மசி இருக்கும் பில்டிங். இந்த ஊரில் யாருக்கும் தெருவும் கதவு எண்ணும் வாயில் வராது. பார்மசிக்கு மேலே, பாலத்துக்குக் கீழே, அந்த பேங்குக்கு எதிரே என்பதுதான் முகவரி. ஆனால் மெட்ரோவுக்குப் பின்னால் பார்மசி இல்லாத பில்டிங் எது?

அன்று சாயங்காலம் நடந்தேன். ஆறு மணிக்கும் சட்டை முதுகில் ஒட்டியது. ஒவ்வொரு பில்டிங்கிலும் நாத்தூரிடம், அதுதான் வாட்ச்மேனிடம், "பாய், வெள்ளை முடி, ஷூ போட்ட ஒரு மதராஸி அம்மா" என்று கேட்டேன். சிலோன் என்றால் அவர்களுக்கு வேறு முகம் மனதில் வருகிறது, மதராஸி என்றால் வேறு. ஒரு நாத்தூர் என்னை ஏதோ பணம் வசூலிக்க வந்தவன் என்று நினைத்து, "மாஃபி, மாஃபி, இங்கே இல்லை, ஊருக்குப் போய்விட்டார்" என்று காப்பாற்றப் பார்த்தார். யாரைக் காப்பாற்றினாரோ.

இரண்டாம் நாளும் நடந்தேன். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மதியம் தொழுகைக்குக் கடை அடைத்ததும் கிளம்பினேன். பாதி வழியில் நின்று யோசித்தேன். பில்டிங்கைத் தேடக் கூடாது, சாப்பாட்டைத் தேடவேண்டும். யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு சிவப்பரிசி மாவும் கறித்தூளும் இல்லாமல் ஒரு வாரம் ஓடாது. இலங்கைச் சாமான் விற்கும் கடை அந்த வட்டாரத்தில் ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

கடை திறக்கும்வரை வாசலில் நின்றேன். கடைக்காரர் கேட்ட மாத்திரத்தில் சொன்னார்: "லண்டன் அம்மாவோ? அவா லண்டனே இல்லை, எண்டாலும் நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது. அந்தா தெரியுதே, அந்த பில்டிங்தான், ஐந்தாம் மாடி. நாங்கள்தானே சாமான் கொண்டுபோய்க் குடுக்கிறது."

அந்த பில்டிங்கில் முதல் நாளே கேட்டிருக்கிறேன். யாரையோ காப்பாற்றினாரே, அவர்தான் அங்கே நாத்தூர்.

அம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிய ஒரு நொடி ஆயிற்று.

"அம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன். உங்க ஓட்டு கேன்சல் இல்லை."

"நீர்தானே தம்பி அண்டைக்கு ஜட்ஜ் மாதிரிச் சொன்னீர்?"

"ஆமாம்மா. தெரியாமத்தான் சொன்னேன்."

"தெரியாமல் இவ்வளவு வடிவாச் சொல்லுறீர். தெரிஞ்சு சொன்னால் எப்பிடி இருக்கும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சில்லென்று மோர் கொண்டுவந்தார்.

அவர் மகளின் மடிக்கணினியில் அங்கேயே விண்ணப்பத்தை நிரப்பினோம். பழைய வீட்டு எண், தெரு, அஞ்சல் குறியீடு, அங்கே வேலை பார்த்த காலத்துக் காப்பீட்டு எண், எல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். அடிக்கிற என் கைதான் பின்தங்கியது. அனுப்பியாயிற்று. மூன்று நாளில் பதில் வந்தது. பழைய பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது, புதுத் தொகுதியில் சேர்த்தாயிற்று. அம்மா அந்த மின்னஞ்சலைக் காட்டவே எங்கள் கடைக்கு வந்தார். தன் வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஆனால் சிக்கல் முடியவில்லை. தபாலில் சீட்டு வந்து, இங்கிருந்து திரும்பப் போய்ச் சேர நாள் போதாது. அங்கே இருக்கும் ஒருவரை நியமித்தால் அவர் போய் இவருக்காகப் போடலாம். சிவப்புக்காரச் சிநேகிதிகள் இறந்துவிட்டார்கள், அல்லது பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தத் தெருவில் அம்மாவுக்குத் தெரிந்து மிச்சம் இருப்பது ஒரே ஒருவர்.

"விசில்காரர்" என்றேன்.

"அவர்தான்."

"வேற யாரும்...?"

"எவரும் இல்லை."

திருநெல்வேலிக்காரர் எழுந்தே விட்டார். "அம்மா, எதிர்க்கட்சிக்காரன் கையில ஓட்டைக் குடுத்து, எங்க கட்சிக்குப் போடும்னு சொல்லப் போறீயளா?"

"வேற என்ன செய்யிறது? அவற்ற கை ஒண்டுதான் அங்க இருக்கு."

என் போனிலிருந்தே கூப்பிட்டோம். ஸ்பீக்கரில் போட்டேன். வருடத்துக்கு ஒருமுறை வாழ்த்துச் சொல்வதற்கு மேல் அவர்கள் பேசுவதில்லையாம். கிழவர் எடுத்ததும் ஆங்கிலத்தில், "அட, இன்னும் சூரியன் உங்களைப் பொரிக்கவில்லையா?" என்று கேட்டார். அம்மா விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் இருமல். இல்லை, சிரிப்பு.

"என்னிடமா கேட்கிறீர்கள்? உங்கள் ஆளின் பெயருக்கு நேரே நான் சிலுவைக் குறி போடவேண்டுமா? ஐம்பது வருடத்தில் என் கை அந்தப் பக்கம் போனதில்லை, தெரியுமா?"

"தெரியும். அதுதான் கேட்கிறன்" என்றார் அம்மா.

"பள்ளிக்கூடம் இப்போது தூரம். என் முழங்கால் மோசம்" என்றார் கிழவர். பிறகு, "சரி, என் பெயரையே கொடுங்கள்" என்றார்.

வெள்ளைத் தாளில் அம்மா கையெழுத்துப் போட, அதைப் படம் பிடித்து ஏற்றி அந்த விண்ணப்பத்தையும் அனுப்பினேன். தேர்தலுக்கு இன்னும் எட்டு நாள்.

அந்த எட்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா அமைதியாகத்தான் இருந்தார், நான்தான் ஆடினேன். டியூட்டிக்கு நடுவில் அந்தப் புதுத் தொகுதியின் வேட்பாளர்கள் யார் யார் என்று பார்த்தேன். அந்தக் கிழவருக்கு முழங்கால் வலி கூடினால் என்ன செய்வது? அன்று மழை வந்தால்? மழைகூட வேண்டாம், சீட்டு கையில் வந்ததும் பழைய பழக்கம் தலைதூக்கினால்? தடுப்புக்குள்ளே யார் போய்ப் பார்ப்பது? போட்டுவிட்டேன் என்று அவர் சொன்னால் சரிபார்க்க உலகத்தில் ஒரு வழியும் இல்லை. இரண்டு சாட்சி, மூன்று ஸ்டாம்ப், பயோமெட்ரிக் விரல் என்று இல்லாமல் ஒரு காரியமும் நடக்காத மேஜையில் இருப்பவனுக்கு இது தாங்கவில்லை. "நீருதான் நிக்கீரு போல, எலெக்‌ஷன்ல" என்று திருநெல்வேலிக்காரர் கேலி செய்தார். ஆனால் அவரும் அந்த ஊர் வானிலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதை நான் பார்த்துவிட்டேன்.

தேர்தல் நாள் வியாழக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு அம்மா கடைக்கு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே அப்போது காலை பதினோரு மணி. கிழவர் என் நம்பருக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். டோக்கன்காரர்கள் வந்து நின்றார்கள், போனார்கள். நான் ஒரு பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் வரவேண்டிய இடத்தில் அப்பா பெயரை அடித்தேன். அடித்ததை அழித்தேன்.

மூன்றரைக்குப் போன் வந்தது.

"போய்விட்டு வந்துவிட்டேன்" என்றார் கிழவர். மூச்சு வாங்கியது. "இரண்டு சீட்டு கொடுத்தார்கள். உங்களுடையதை முதலில் போட்டேன். என்னுடையதை முதலில் போட்டால் கை சூடாகி அதே வழியில் போய்விடும் என்று பயம்."

என்னால் பொறுக்க முடியவில்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்து, எனக்கு வந்த ஆங்கிலத்தில் கேட்டேன்: "சார், யாருக்குப் போட்டீங்க?"

"இது யார்?"

"என்ர தம்பி" என்றார் அம்மா.

"உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள், இந்த நாட்டில் ஓட்டு ரகசியம். அந்தத் தடுப்புக்குள்ளே நான்தான் நீங்கள். உள்ளே நடந்ததை நான் யாரிடமும் சொல்வதற்கில்லை. உங்களிடமும்தான்." போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. "என்னம்மா இது? கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லாம..."

அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. நிறுத்தவே நேரமாயிற்று.

"போட்டிட்டார், தம்பி."

"எப்படிச் சொல்றீங்க?"

"நீலத்துக்குப் போட்டிருந்தால், வைக்க முன்னமே 'ஓம் ஓம், உங்கட ஆளுக்குத்தான்' எண்டு சொல்லியிருப்பார். குற்றம் செய்த மனுசன் அவசரப்பட்டுச் சொல்லுவான். இவருக்கு வெக்கம். ஐம்பது வருசத்தில முதல்தரம் சிவப்புக்குப் போட்டதை வாயால சொல்ல ஏலாமல் சட்டம் கதைக்கிறார்."

"உங்களுக்கு நிச்சயமா?"

"இல்லை" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பென்சிலிலதானே போட்டது. அதை நம்பின மாதிரித்தான்."

மறுநாள் காலையில் முடிவு பார்த்தேன். புதுத் தொகுதியில் சிவப்பு வென்றிருந்தது, நிறைய வித்தியாசத்தில். எத்தனை பஸ் பிடித்தாலும் ஏற்ற முடியாது. அம்மாவின் ஒரு ஓட்டு எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று திருநெல்வேலிக்காரர் சொன்னார். அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பெரிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் எங்கேயாவது அந்த ஒன்று தெரிந்துவிடும் என்பதுபோல. எதிரில் டோக்கன்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.